மேகமலையா, கொடைக்கானலா, கேரவனா: ஏரிக்கரையில் ராத்தங்க எது தேவலை?

மதுரையில் விடிகாலை கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு மலை ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், மரங்களுக்கு நடுவே இரண்டு ராத்திரி தங்க வேண்டும். இவ்வளவுதான் தேவை. இதற்கு எங்கள் வீட்டில் மூன்று யோசனை ஓடியது. ஒன்று, எல்லாரும் போகிற கொடைக்கானல். அடுத்தது சின்னமனூருக்கு மேலே இருக்கிற மேகமலை. மூன்றாவது என் மச்சினன் கொண்டுவந்தது: படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து, குமுளி தாண்டி வாகமன் பக்கம் போய் மரத்தடியில் நிறுத்திப் படுத்துக்கொள்வது. மூன்றையும் வேறு வேறு சமயத்தில் அனுபவித்துப் பார்த்தாயிற்று. இப்போது யார் கேட்டாலும் மேகமலை என்றுதான் சொல்கிறேன். அவசரக்காரர்கள் இந்த வரியோடு கிளம்பிவிடலாம், மற்றவர்களுக்குக் காரணம் கீழே.

குளிர், பச்சை, பனிமூட்டம் எல்லாம் மூன்றிலும் உண்டு, அதைச் சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டாம். வாகமன் சுமார் 1,100 மீட்டர், மேகமலை 1,500, கொடைக்கானல் 2,100. அதற்கேற்ப ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டால் போதும். "இயற்கையான ஏரி எது" என்றும் சிலர் கேட்கிறார்கள். எதுவுமே இல்லை. கொடைக்கானல் ஏரி 1863ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் கரை கட்டி உண்டாக்கியது. குமுளியை ஒட்டிய தேக்கடியில் நிற்கிற தண்ணீர் 1895ல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர், நம் ஊர்ப் பக்கத்து வயலுக்கு வருவதும் அதுதான். மேகமலையில் வரிசையாக வருகிற ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். அதனால் அந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

முதலில் கொடைக்கானல். வத்தலக்குண்டு வழியாக நல்ல ரோடு, ஏறி இறங்க பஸ், சாப்பாட்டுக்கு விதவிதமான கடை, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்குச் சைக்கிள், படகு, குதிரை எல்லாம் ஏரியைச் சுற்றியே கிடைக்கும். 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்காமல் வண்டி ஏற முடியாது. 2025 சீசனுக்கு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரம்பே இவ்வளவு என்றால் ஊர் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஏரியைப் பார்த்த அறை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கூடுதலாகக் கொடுத்து எடுத்தோம். பால்கனியில் நின்றால் ஏரி தெரிந்தது, சரிதான். ஆனால் கீழே ஏரிச்சாலையில் ராத்திரி பத்தரை மணிக்கும் வேன்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அத்தை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டே, "மாப்ள, இதுக்கு நம்ம மதுரை சிம்மக்கல்லுலயே படுத்திருக்கலாமே" என்றார். அதற்கு மேல் கொடைக்கானலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தள்ளித் தங்கினால் கதை வேறாக இருக்கலாம். மன்னவனூர் ஏரியைப் பகலில் பார்த்திருக்கிறேன், அழகுதான். அங்கே ராத்தங்கியதில்லை என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து கேரவன். இதில் ஆசை நியாயமானதுதான். கேரளத்தில் 2021லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷம் வாகமனில் முதல் கேரவன் பூங்கா வந்தது. மரமும் புல்வெளியுமாக இருக்கிற ஊர் அது. காலையில் கதவைத் திறந்தால் கால் நேராகப் புல்லில்தான் இறங்கும். வண்டிக்குள்ளேயே காபி போட்டு, படியில் உட்கார்ந்து குடிப்பதில் இருக்கிற சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் கேட்பது மெத்தை எப்படி, ஏசி உண்டா, டிவி உண்டா. கேட்க வேண்டியது கழிவுத் தொட்டி எத்தனை லிட்டர், அதை எங்கே காலி பண்ணுவது. வண்டியில் நல்ல தண்ணீர் ஒரு தொட்டியில், கழிவு இன்னொரு தொட்டியில். நாலு பேர் நம் ஊர்ப் பழக்கத்தில் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தால் முதல் தொட்டி மறுநாள் காலைக்குத் தாங்காது, இரண்டாவது அதற்குள் நிரம்பிவிடும். மின்சார இணைப்பும், தண்ணீர்க் குழாயும், கழிவை இறக்க வசதியும் இருக்கிற இடத்தில் நிறுத்தினால்தான் கேரவன் வீடு மாதிரி இருக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் அது வெறும் வேன். அப்படிப் பார்த்தால் "நினைத்த இடத்தில் நிறுத்தலாம்" என்கிற முக்கியமான கவர்ச்சியே போய்விடுகிறது. பூங்கா இருக்கிற இடத்தில்தான் நிறுத்த முடியும், பூங்காவுக்குத் தனிக் கட்டணம். ஏரிக்கரையில் காட்டுக்குள் நிறுத்தித் தூங்கலாம் என்கிற கனவை இங்கேயே மறந்துவிடுங்கள், வனத்துறை இடத்தில் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது நினைவிருக்கும்.

சின்னச் சின்ன விஷயங்களும் இருக்கின்றன. மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம், வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றால் தலைப்பக்கம் தாழ்ந்து தூக்கம் கெடும். டிரைவர் தம்பி சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, திரும்ப வண்டியை முன்னே பின்னே எடுத்து என்று அரை மணி நேரம் போராடினார். ராத்திரி நாலு பேர் மூச்சு விட்டதில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வியர்த்து, விடிகாலையில் போர்வை ஓரம் ஈரம். டிரைவர் எங்கே படுப்பார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், நாங்கள் போனபோது அவருக்குத் தனி அறை எடுக்க வேண்டியிருந்தது. மாநில எல்லை தாண்டினால் பெர்மிட் கணக்கு வேறு. நான் விசாரித்த வரையில் வண்டி வாடகை, டீசல், பேட்டா, பூங்காக் கட்டணம் எல்லாம் கூட்டினால் அதே பணத்தில் சுமாரான விடுதியில் இரண்டு அறை எடுக்கலாம். மழைக்காலத்தில் கேரவனில் தங்கிய அனுபவம் எனக்கு இல்லை. கொட்டுகிற மழையில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பது சிலருக்குப் பிடிக்கவும் செய்யலாம்.

சரி, மேகமலைக்கு வருவோம்.

இந்த மூன்றில் எதை எடுப்பது என்று தீர்மானிக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள்? பகலில் எல்லா ஏரியும் கூட்டம்தான். மேகமலையிலும் ஞாயிற்றுக்கிழமை பைக்குகளுக்குக் குறைவில்லை, வளைவுக்கு வளைவு செல்ஃபி. ஆனால் அடிவாரத்தில் தென்பழனியில் வனத்துறை சோதனைச் சாவடி இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு அடைத்தால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். இறங்க 18 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், ஒருநாள் சுற்றுலா வந்தவர்கள் நாலு மணிக்கெல்லாம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாலரைக்குக் கடைசி வேன் இறங்கும். அதற்கப்புறம் மேலே இருப்பது எஸ்டேட் ஜனங்களும், அறை எடுத்தவர்களும், காட்டு விலங்குகளும்தான்.

தங்குகிறவர் காசு கொடுப்பது உண்மையில் இந்த நேரத்துக்குத்தான். அறை ஒன்றும் பிரமாதமில்லை. பேரூராட்சி விடுதி இருக்கிறது, சில எஸ்டேட் பங்களாக்கள் இருக்கின்றன. நாங்கள் எடுத்த அறையில் கெய்சர் அரைகுறையாகத்தான் வேலை செய்தது, ஜன்னல் கொக்கி ஒன்று கையோடு வந்துவிட்டது. ஆனால் ஐந்து மணிக்கு வெளியே வந்தால் ரோடு காலி. கொழுந்து எடை போட்டு முடித்த பெண்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போகிறார்கள். தேயிலைக்கு நிழலுக்கென்று நட்ட சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் தண்ணீர் தெரிகிறது, அதற்கு அந்தப் பக்கம் சோலைக்காடு. எதிர்க்கரையில் கறுப்பாக ஏதோ பாறைகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்று தலையைத் தூக்கியது. காட்டுமாடுகள், கன்றோடு. அரை மணி நேரம் தண்ணீர் ஓரத்திலேயே மேய்ந்தன. எங்களைத் தவிர பார்த்துக்கொண்டிருந்தது விடுதி வாட்ச்மேன் அண்ணன் மட்டும்தான். அவர் மாட்டைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்த லைட்டு வெளிச்சம் விழுற வரைக்கும் நடங்க. அதுக்கு அங்கிட்டு வேணாம்" என்றார். எட்டு மணிக்குத் திரும்பவும் வந்து வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

கொடைக்கானலில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது கிடைக்காது, ஏனென்றால் அங்கே கூட்டம் இறங்குவதில்லை, அறை எடுத்து அங்கேயே தங்குகிறது. கேரவன் பூங்காவில் கிடைத்தது பாதிதான்: மரம் இருந்தது, அமைதியும் ஓரளவு இருந்தது, ஆனால் பக்கத்து வண்டிக்காரர் ஸ்பீக்கரை எத்தனை மணிக்கு நிறுத்துவார் என்பது அவர் மனசு. மேகமலையில் அந்த முடிவை ஒரு கேட் எடுத்துவிடுகிறது.

அதே கேட் நமக்கு எதிராகவும் திரும்பும். ஆண்டிபட்டி கணவாயில் லாரிக்குப் பின்னால் மாட்டி, தேனியில் சாப்பிட்டு, வீரபாண்டியில் கோயிலுக்கும் போய்விட்டு ஆடி அசைந்து வந்தால் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அறை புக் பண்ணியிருக்கிறேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. ராத்திரி ஏழு மணிக்குப் பிள்ளைக்குப் பிஸ்கட் வேண்டும் என்றால் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டை மத்தியானமே சொல்லிவிட வேண்டும், சாமான் கீழே சின்னமனூரிலிருந்து வர வேண்டியிருக்கிறது. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போவதென்றால் நானே கொடைக்கானலுக்குத்தான் போகச் சொல்வேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இன்னொன்று, பயணமே ரத்தாகலாம். 2021 பிப்ரவரியில் இந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. எஸ்டேட்டும் ரோடும் இருந்தாலும் சுற்றிலும் காப்பகம்தான், வனத்துறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 2023 மே மாதம் அரிசிக்கொம்பன் யானை பெரியாறு பக்கமிருந்து இங்கே வந்தபோது சுற்றுலாப் பயணிகளை ஏறவே விடவில்லை. அது கம்பம் டவுனுக்குள்ளேயே இறங்கியதும், ஜூன் 5ம் தேதி பிடித்ததும் எல்லாருக்கும் தெரியும். அந்த மே விடுமுறைக்கு அறை போட்டிருந்த எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று கடைசியில் குற்றாலம் போனது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தாலும் இதே கதைதான். அதனால் முன்பணம் கட்டும்போது, வனத்துறை தடை போட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹைவேவிஸ் தாண்டி மணலாறு, இரவங்கலாறு, மகாராஜா மெட்டு வரை போகலாம். நாங்கள் போனபோது உள்ளே போகப் போக ரோடு மோசம், தரையோடு தரையாக இருக்கிற கார் அடி வாங்கும். இரவங்கலாறு வரை அரசு பஸ் போகிறது, அதில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போய் வருவதே நல்ல யோசனை. ஏறும் வழியில் ஒவ்வொரு வளைவுக்கும் சங்க இலக்கியப் பூ ஒன்றின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு வாந்தி ஞாபகம் வராமல் இருக்க அதை வாசிக்கச் சொல்லலாம். எங்கள் வீட்டில் பாதி வளைவு வரை அது பலித்தது. மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், உப்பும் முழுக்கால் சட்டையும் அவசியம்.

சிக்னல் விஷயத்தில், எங்கள் நாலு போனில் பி.எஸ்.என்.எல். போட்டிருந்தது மட்டும்தான் பேசியது, வேறு கம்பெனிக்காரர்கள் இப்போது டவர் போட்டிருந்தால் சந்தோஷம். பெட்ரோலைச் சின்னமனூரிலேயே நிரப்பி, கைச்செலவுக்குப் பணத்தையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். கேட்டை மத்தியானம் மூன்று மணிக்குள் தாண்டுகிற மாதிரி கணக்குப் போட்டால் மதுரையில் காலை டிபனை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்பலாம்.