மூன்று மெக்கானிக்கும் என் வேகன் ஆர் பிரேக்கும்

சிங்காநல்லூர் சிக்னலில் பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது, கூடவே ஒரு கிரீச். கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு), பேடு (அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பட்டை) எல்லாம் மாற்றணும் என்று 9,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கோ சக்கரத்தைக் கழற்றாமலே, "தூசிதானுங்க, இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்றார். யாரை நம்புவது?

அப்புறம்தான் மச்சான் சொன்ன இந்தச் சின்ன ஒர்க் ஷாப். இங்கிருந்த மெக்கானிக் முதலில் முன் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். இடது சக்கரம் மட்டும் கொதித்தது. கழற்றி இரண்டு பேடையும் என் கையில் கொடுத்தார். வெளிப் பேடு நன்றாக இருக்க, உள் பேடு பிஸ்கட் மாதிரி தேய்ந்திருந்தது. பேடுகளை அழுத்தும் கவ்வியான காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) துருப்பிடித்து இறுகியதால் வந்த வினை. டிஸ்க்கின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதன் ஓரத்திலேயே பொறித்திருந்த குறைந்தபட்ச அளவையும் காட்டினார். "தாராளமா இருக்குதுங்க, எதுக்கு மாத்தணும்?"

பின்னைச் சுத்தம் செய்து பிரேக்குக்கான கிரீஸ் போட்டார் (சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடுமாம்). பேடு மட்டும் இரண்டு பக்கமும் புதிது. மொத்தம் 2,150 ரூபாய், பழைய பேடு டிக்கியில்.

குறை? மூன்று மணி நேரம் நின்றே இருந்தேன், உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. போனும் எடுக்க மாட்டார். பிரேக் ஆயில் மாற்ற அடுத்த மாதம் அங்கேதான் போகிறேன்.