பைபர் போட்டுக்குப் புதுத் தளம்: ஆண்டுகள் கடந்தும் நிற்பது எது, மறுபடி ஊறுவது எது

2004 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பெருமளவு கண்ணாடி இழையால் ஆன பைபர் போட்டுகள் பிடித்தன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. வெளிக்கூடு கல் மாதிரி இருக்கும். தளத்தில் கால் வைத்தால் மட்டும் அமுங்கும். பைபர் அழுகுவதில்லை, அதற்குள் வைத்துப் பூசிய பிளைவுட்தான் அழுகுகிறது. ஆகவே தளம் மாற்றும் வேலையில் முதலில் யோசிக்க வேண்டியது எத்தனை மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போடலாம் என்பதை அல்ல, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும், போனது எந்த வழியாக வெளியேறும் என்பதை.

சுத்தியல் பிடியால் அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று தெளிவாகச் சொல்லும். ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். சாக்பீஸால் எல்லை வரைந்து, அதைத் தாண்டி ஒரு சாண் சேர்த்து வெட்டுவதே முறை. ஆனால் பாதித் தளத்துக்கு மேல் மந்தமாக ஒலித்தால் ஒட்டுப் போடுவது வீண். முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் போட்டைத் தாங்க வைக்க வேண்டும். இதைத் தவறவிட்ட போட்டுகள் பிறகு நேராக ஓடுவதில்லை. தளம்தான் இரு பக்கங்களையும் இழுத்துப் பிடித்திருப்பது. அதை எடுத்ததும் கூடு விரியும். ஏராவுக்கு (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகுச் சட்டம்) அடியிலும் இரு வயிற்றுப் பக்கங்களிலும் மணல் மூட்டை அடுக்குங்கள். மேல் விளிம்பில் மூன்று நான்கு இடங்களில் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு, குறுக்குச் சட்டம் அடித்துப் பூட்டுங்கள். ரம்பத்தின் ஆழத்தை 15 மி.மீ.க்கு மேல் வைக்கக் கூடாது. பக்கச் சுவரை ஒட்டி வெட்டாமல் 5 செ.மீ. விளிம்பு விட்டு வெட்டி, மிச்சத்தைக் கிரைண்டரால் தேய்த்தெடுத்தால் வெளிக்கூட்டில் கீறல் விழாது.

உள்ளே இருக்கும் நுரை ஊறியிருந்தால் காய வைத்துக் காப்பாற்ற முடியாது. வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும். அள்ளி எறிந்துவிடுங்கள். நீளச் சட்டங்களைச் சோதிக்க, அடிப்பக்கமாக 6 மி.மீ. துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் துளையை அடைத்துவிட்டு மேலே போகலாம். கறுத்து ஈரமாக வந்தால் சட்டத்தையும் மாற்றியாக வேண்டும். புதுச் சட்டத்தின் மேல் 450 மேட், 600 ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மறுபடி 450 மேட் என்று போர்த்தி (எண்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது), கூட்டின் மேல் இரு பக்கமும் 8 முதல் 10 செ.மீ. படர விட வேண்டும். ஒவ்வொரு அடுக்கின் ஓரமும் முந்தையதைவிடக் கொஞ்சம் தள்ளி முடியட்டும்; எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தால் அந்தக் கோட்டில்தான் விரிசல் வரும்.

இழையை நனைத்து இறுகும் பிசின்தான் ரெசின். காய்ந்துபோன பழைய ரெசினோடு புதியது தானாகக் கலந்து ஒன்றாகாது. கீறல்களில் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் பலம். 36 நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கால் பளபளப்பு முழுவதும் போய் வெள்ளையாக மங்கும்வரை தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்பே ஒருமுறை அசிட்டோனால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மீன் எண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கீறலுக்குள் இறங்கிவிடும். தேய்த்த பிறகும் ஒருமுறை துடைக்க வேண்டும். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இந்தத் தூசியில் நிற்காதீர்கள்.

பிளைவுட் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 12 மி.மீ. மரைன் பலகையாக இருக்கட்டும். பொருத்திப் பார்த்து, வெட்டி, துளையெல்லாம் போட்ட பிறகே ஆறு பக்கமும் ரெசின் குடிக்க விட வேண்டும். வெட்டிய ஓரம் நிறையக் குடிக்கும்; அது பளபளவென நிற்கும்வரை பூசுங்கள். வெயில் ஏறும் நேரத்தில் இந்தப் பூச்சைப் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாகக் கிளம்பும், ஒவ்வொரு குமிழும் பின்னால் ஒரு ஓட்டை. வெயில் தாழும் நேரத்தில் பூசினால் மரம் குளிரக் குளிர ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பலகை பக்கச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு, ரெசினில் அதைக் கெட்டியாக்கும் ஏரோசில் பொடியும் வெட்டிய கண்ணாடி இழையும் கலந்த பசையால் நிரப்பி, விரல் பருமனுக்கு வளைவாக இழுத்துவிட்டு, அதன் மேல் மேட் ஏற்ற வேண்டும். இடித்து நிற்கும் பலகை அலையில் ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் கூட்டைக் குத்தும். சில ஆண்டுகளில் வெளியே நீளமாக மயிரிழை விரிசல் தெரியும்.

8×4 அடிப் பலகை ஒன்று ஏறத்தாழ 3 சதுர மீட்டர். அடியில் ஒரு 450 மேட், மேலே மேட்-ரோவிங்-மேட் என்றால் மேட் 4 கிலோ, ரோவிங் 1.8 கிலோ. மேட் தன் எடையைப் போல இரண்டரை மடங்கு வரை ரெசின் கேட்கும், ரோவிங்குக்குச் சம எடை போதும். மரம் குடிப்பதையும் சேதாரத்தையும் சேர்த்து ஒரு பலகைக்கு 14 கிலோ ரெசின் வாங்கலாம். சாதாரண பாலியஸ்டர் ரெசினைவிட, தண்ணீரை அதிகம் தாங்கும் ஐசோ வகை ரெசின் விலை கூடுதல்; தண்ணீர் தேங்கும் அடிப்பக்கத்துக்காவது அதையே வாங்குங்கள். எப்பாக்சி என்ற வேறு வகை ரெசின் மரத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சாதாரண மேட்டின் பசை, பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும் என்பதால் எப்பாக்சியோடு அந்த மேட் சரிவராது. எப்பாக்சி மேல் பாலியஸ்டரும் நம்பிக்கையாக ஒட்டாது.

நம் வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 கிராம் போதும். சீக்கிரம் இறுகுகிறதே என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுதாக வேகாமல் நின்றுவிடும். குறைக்க வேண்டியது கலக்கும் அளவைத்தான்: ஒரு கிலோ ஒரு கிலோவாகக் கலந்து அகலத் தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கடையிலேயே ரெசினில் கலந்து வாங்குவது நல்லது. கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரையான வறண்ட வெயில் இந்த வேலைக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொடங்க வேண்டாம்.

தளத்துக்கடியில் நுரை இல்லாமல் மூடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. ஒரு கன மீட்டர் நுரை 950 கிலோ அளவுக்குத் தூக்கும். போட்டு நிறைந்து கவிழும்போது ஆட்கள் பிடித்துத் தொங்க மிஞ்சுவது அதுதான். தெர்மோகோலை நேரடியாக வைத்தால் பாலியஸ்டர் ரெசின் அதைக் கரைத்துவிடும். ஊற்றும் பி.யு. (பாலியூரிதேன்) நுரை சரியாக வரும், ஆனால் அடிவரை நிரப்பிவிட்ட போட்டுகளே மறுபடி கனத்துப்போகின்றன. ஏராவின் நெடுக, பாதியாகப் பிளந்த 50 மி.மீ. பி.வி.சி. குழாயைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேல் ஊற்றினால், உள்ளே வந்த தண்ணீர் பின்பக்க அடைப்பான்வரை ஓடிவிடும். குறுக்குச் சட்டங்களிலும் அதே வழியில் துளை விட்டு, துளையின் உட்சுவருக்கும் ரெசின் பூசுங்கள்.

ஆண்டுகள் ஓடிய பிறகு பழுதானவற்றைத் திறந்து பார்த்தால் முதலில் கெட்டிருப்பது எப்போதும் திருகாணியைச் சுற்றிய இடம்: ஐஸ் பெட்டியின் கொண்டி, டேங்க் பட்டை, மூடியின் கீல். தளத்தின் நடுப்பகுதி அரிதாகத்தான் கெடும். 6 மி.மீ. திருகாணிக்கு 12 மி.மீ. துளை போட்டு, பசையால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் துளையிட்டுப் போட்டால் ஆணி மரத்தைத் தொடாது. மூடி வாயின் ஓரங்களையும் மேட் மடித்து மூட வேண்டும்.

மேல் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்காவிட்டால் தளம் பிசுபிசுத்தே கிடக்கும். வழுக்காமல் இருக்கத் தூவும் மணல், நிற்கும் இடங்களில் பொடியாக இருக்கட்டும். வலை குவிக்கும் இடத்தை வழவழப்பாகவே விடுங்கள். மணல் வலையின் இழையைத் தின்றுவிடும்.

மழை முடிந்ததும் ஒருமுறை அடைப்பானைத் திறந்து வரும் தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக வந்தால் எங்கோ மூடி கசிகிறது, அவ்வளவுதான். கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் வந்தால் மரத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்போதே தட்டிப் பார்த்து, ஊறிய இடம் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் மேல் அடுக்கைத் திறந்து, நன்றாகக் காயவிட்டு, பசை நிரப்பி, 12 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் 15 செ.மீ. சரிவாகத் தேய்த்து மூடலாம். அதைவிடப் பெரிதென்றால் அந்தப் பலகையை முழுதாக வெட்டி எடுக்க வேண்டியதுதான்.