மூன்று மேடைக்கு ஒரு ஆம்ப்

சனிக்கிழமை இரவு கல்யாண ரிசப்ஷனில் மெல்லிசை. ஞாயிறு காலை ஆராதனையில் பாடகர் குழுவோடு. வார நாளில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மாடி அறையில் எனக்காக மட்டும் கொஞ்சம் மெட்டல். இந்த மூன்றுக்கும் தாங்குகிற மாதிரி ஒரே ஒரு கிட்டார் ஆம்ப் (எலக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டி) தேடி இரண்டு வருடம் அலைந்தேன். கடைசியில் வாங்கியது பாஸ் (Boss) பிராண்டின் கட்டானா 50, மார்க் 2. வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது. பாளையங்கோட்டையில் கிட்டார் பழகுகிற பையன்கள் வந்து "அண்ணே, அதையே வாங்கலாமா?" என்று கேட்டால் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

இதற்கு முன் என்னிடம் இருந்தது பழைய 15 வாட் வால்வு ஆம்ப், அந்தக் கால ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வில் ஓடுவது. வால்வின் அழகு அதை விரட்டி ஓட்டும்போதுதான் வரும். பவர் வால்வு திணறத் தொடங்குகிற இடத்தில்தான் அந்த இனிமையான கரகரப்பு பிறக்கும். வீட்டில் அந்த அளவுக்கு ஏற்றினால் எதிர்வீட்டு ஆச்சி வாசலுக்கே வந்துவிடுவார்: "ஏம்யா, வீட்டுக்குள்ள மாவு மில்லு வச்சிருக்கியா?" குறைத்து வைத்தாலோ நல்ல பாடகர் போர்வைக்குள் முணுமுணுக்கிற மாதிரி இருக்கும்.

அதனால் கட்டானாவில் நான் முதலில் பார்த்தது சத்தங்களின் பட்டியலை அல்ல, பவர் கண்ட்ரோலைத்தான். 50, 25, 0.5 வாட் என்று மூன்று படிகள். 50 வாட் என்றால் 25 வாட்டைப் போல இரண்டு மடங்கு சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவு. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அந்தக் கணக்குப்படி அரை வாட் என்பது முழுச் சத்தத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. அதுவே ஆச்சியை எழுப்பப் போதும், மாஸ்டர் வால்யூமையும் இறக்கித்தான் வாசிக்கிறேன். ஆனால் இறக்கினாலும் டோன் செத்துப் போவதில்லை. காசு கொடுத்தது இதற்காகத்தான்.

வாங்குவதற்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் வாசித்துப் பார்த்தேன். கடைப் பையன் அங்கிருந்ததிலேயே விலை கூடிய கிட்டாரைச் சொருகி, கரகரப்பைக் கூட்டுகிற கெயின் திருகை முழுக்கத் திருகி, பிரமாதமாக வாசித்துக் காட்டினார். அந்தக் கைக்குத் தகர டப்பாவும் நன்றாகத்தான் பேசும். நான் என் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து, "கிளீன்ல வைங்க தம்பி" என்றேன். கிளீன் என்றால் கரகரப்பே இல்லாத சுத்தமான சத்தம். டிஸ்டார்ஷனை, அதாவது அந்தக் கரகரப்பை, அப்புறம் காலால் மிதிக்கிற ஒரு பெடல் வாங்கிக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். கிளீன் நன்றாக இல்லாத ஆம்பை எந்தப் பெடலாலும் காப்பாற்ற முடியாது.

இதில் ஐந்து குரல்கள்: அக்கூஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரவுன். ஒவ்வொன்றுக்கும் வேரியேஷன் பொத்தானில் இன்னொரு முகம் உண்டு. நேர்மையாகச் சொன்னால் நான் பிழைப்பு நடத்துவது இரண்டரைக் குரலில். கிளீனில் ரிவெர்ப் (பெரிய அறையில் கேட்கிற மாதிரியான எதிரொலி) கொஞ்சம் சேர்த்தால் ஆராதனை முடிந்தது. பிரவுன், ராக் கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலனின் பேரோடு ஒட்டிக்கொண்ட அந்த 'பிரவுன் சவுண்ட்' வம்சம். மாடி அறை மெட்டலுக்கு அதுதான். பாதி என்றது லேசாகக் கரகரக்கிற கிரஞ்சை. கடைசியில் வருகிறேன்.

அக்கூஸ்டிக் குரலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எலக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் ஆக்குகிற மந்திரம் அல்ல அது. பிக்கப் (கம்பியின் ஒலியை வயருக்கு அனுப்புகிற கருவி) வைத்த அக்கூஸ்டிக் கிட்டாரைச் சொருகுவதற்கானது. இதில் இருப்பது 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாகவே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலான கீச்சொலிகளில் விறுவிறுவென்று சத்தம் இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் காரத்தை மட்டுப்படுத்துவது அந்தக் குணம்தான். அக்கூஸ்டிக் கம்பியின் பளபளப்பைத் தின்பதும் அதே குணம்தான். ரிசப்ஷனில் அக்கூஸ்டிக் வாசிக்கிற பாட்டு வந்தால் நான் நேராக மிக்ஸருக்கே போய்விடுகிறேன்.

மெல்லிசைக்காரனுக்கு முக்கியமானது கோரஸ். கூட்டாகப் பாடுவது அல்ல, ஒரு கிட்டாரை இரண்டு சேர்ந்து வாசிப்பது போலக் கேட்க வைக்கிற எஃபெக்ட். எண்பதுகளின் திரைப்பாட்டு என்றாலே எனக்கு ஒவ்வொரு கம்பியாக மீட்டுகிற, தண்ணீரில் நனைத்தெடுத்த மாதிரியான கிட்டார்தான். அந்தச் சத்தத்துக்குப் பேர் போனது 1975-இல் வந்த ரோலண்ட் ஜே.சி. 120 ஆம்ப். பாஸ் என்பதே ரோலண்டின் பிராண்டுதான். அந்த கோரஸைத் தனியே எடுத்து 1976-இல் பெடலாக்கி விட்டார்கள். ஆனால் ஜே.சி.யின் ரகசியம் அதன் இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்றில் வெறும் கிட்டார், மற்றதில் சுருதி லேசாக அலைகிற கிட்டார். இரண்டும் கலப்பது காற்றில். கட்டானா 50-இல் ஸ்பீக்கர் ஒன்றுதான். கோரஸ் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது காற்றில் கலந்தது அல்ல. அந்தச் சத்தம்தான் உயிர் என்பவர் ஜே.சி.யைத்தான் தூக்க வேண்டும், கூடவே ஓர் ஆளையும். கட்டானா 11.6 கிலோ, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே போய்விடுவேன்.

மண்டபத்தில் இன்னொரு கூத்து. சவுண்ட் சர்வீஸ்காரர் "லைன் குடுங்க சார்" என்பார், ஆம்பிலிருந்து அவர் மிக்ஸருக்கு நேராக வயர் கேட்கிறார். பின்னால் இருக்கிற போன்ஸ், ரெக்கார்டிங் அவுட்டில் வயரைச் சொருகினால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். மேடையில் நம்மைப் பார்த்து வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரில் நமக்குக் கிட்டார் தருவார்கள் என்று நம்பி வாசிக்க எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆகவே ஷூர் எஸ்.எம். 57 மைக் ஒன்றை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து சற்று விலக்கி நிறுத்திவிடுகிறேன். நேர் நடுவில் வைத்தால் காதைக் கீறும்.

எர்த் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எந்த ஆம்ப் வாங்கினாலும். கொடை விழா மேடை ஒன்றில் ஜெனரேட்டர் லைனில் எர்த் சரியில்லை. கையில் கம்பி, உதட்டில் மைக், சுரீர் என்றது. அதிலிருந்து டெஸ்டரும் மூன்று பின் எக்ஸ்டென்ஷனும் கிட்டார் உறையிலேயே இருக்கின்றன.

செட்டிங் சேமிக்க நான்கு இடங்கள். இரண்டை மேடைக்கும் இரண்டை வீட்டுக்கும் பிரித்து வைத்திருக்கிறேன். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பேஸும் டிரெபிளும் குறைவாகத்தான் கேட்கும். ராத்திரி அவற்றைக் கூட்டி அழகாக அமைத்த டோன் மறுநாள் மண்டபத்தில் குடம் உருட்டிய மாதிரி இருந்தது. தபேலாக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பாட்டுக்குப் பாட்டு டோன் மாற்றுகிறவருக்கு நான்கு இடம் போதாது. காலால் மிதித்து டோன் மாற்றுகிற பாஸின் பெரிய கால்பலகை இந்த 50-இல் சேராது, 100 வாட் மாடலில் சேரும். அப்படிப்பட்டவர்கள் அதையே பார்க்கலாம்.

2024-இல் இதன் மூன்றாம் தலைமுறை வந்துவிட்டது. அதில் 'புஷ்டு' என்று ஆறாவது குரல், கிளீனுக்கும் கிரஞ்சுக்கும் நடுவில். ப்ளூஸ் சாயலில் வருகிற பாட்டுக்கெல்லாம் எனக்கு வேண்டியது அந்த இடம்தான். அதற்காக மாற்றவில்லை. கிரஞ்சில் வைத்துவிட்டு, கிட்டாரிலேயே இருக்கிற வால்யூம் திருகை 10-லிருந்து 6-க்கு இறக்குகிறேன். கரகரப்பு மெல்ல விலகி அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. சோலோ வந்தால் சுண்டுவிரலால் மறுபடி மேலே.