இதய பம்புக்கு மின்சாரம்: சுவர் இணைப்பா, பேட்டரியா?

ஹார்ட்மேட் 3 இதய பம்பு பொருத்தப்பட்டவருக்கு, பேட்டரி தீரும்போது எழும் எச்சரிக்கை ஒலி உறக்கத்தில் காதில் விழாமல் போகலாம் என்பதால், இரவில் சுவர் மின்சாரமே உகந்தது. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலான பிளக் பாயின்டுகளுக்குச் சுவிட்ச் இருப்பதால், பழக்கதோஷத்தில் யாரேனும் அணைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு. சுவிட்ச் இல்லாத தனி இணைப்பைக் கட்டிலருகே அமைத்துக்கொள்வது நல்லது.

பகலில் பேட்டரியே வசதி. புதிய 14 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்து 17 மணி நேரம் வரை தாங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வீசியபின் கடலூர் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நினைத்தால், புயல் எச்சரிக்கை வந்ததுமே எல்லாப் பேட்டரிகளையும் முழுமையாகச் சார்ஜ் செய்வதோடு, ஜெனரேட்டர் உள்ள இடத்தையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சுத்தம் செய்வதில் பேட்டரிக்கே கவனம் அதிகம் தேவை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் படியக்கூடிய உலோக முனைகளை, ஸ்பிரிட்டில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின்னரே இணைக்க வேண்டும். சுவர் மின்சாரம் தரும் அடாப்டரையோ, நோயாளி பேட்டரிக்கு மாறியபின், சுவரிலிருந்து கழற்றி வெளிப்புறம் மட்டும் துடைத்தால் போதும். அப்படி மாறும்போது, பம்புக்கு மின்சாரம் கொண்டுவரும் வெள்ளை, கருப்பு வயர்களை ஒருசேரக் கழற்றவே கூடாது. ஒன்று உறுதியாகப் பொருந்திய பின்னரே மற்றதைத் தொட வேண்டும்.