சபையாக ஒரே வருடத்தில் வேதம் முழுவதும்: சென்னைக்கு ஒத்துவரும் கணக்கு

வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கப்படும் வாசிப்பு அட்டைகள் பெரும்பாலும் இதை நேராக வகுத்துப் போட்டவைதான்: திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. வாரத்துக்கு 23 என்றால் 52 வாரத்தில் முடிந்துவிடும். கணக்கில் பிழையில்லை. ஆனால் சபை கூடவே வராது.

ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போனால் ஜனவரி கடைசியிலேயே லேவியராகமம் வந்துவிடும். மத்தேயுவைத் தொட அக்டோபர் நடுப்பகுதி ஆகும். அதுவரை சுவிசேஷமே இல்லாத வாசிப்பு. இதைவிடப் பெரிய கோளாறு, அந்த அட்டையில் ஒரு நாள்கூடச் சும்மா இல்லை என்பது. நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி. ஒரு வாரக் காய்ச்சலில் பாக்கி 23 ஆகிவிடும். அதன்பிறகு அப்படி விட்டவர் வாசிப்புக்கான வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போகமாட்டார், வாசிக்கவும் மாட்டார். தினமும் ‘ஆமென்’ மட்டும் போட்டுக்கொண்டிருப்பார். பட்டியலில் எண்ணிக்கை குறையாததால், பாதிப்பேர் நின்றுவிட்டது ஆயருக்குத் தெரியவே ஜூன் ஆகிவிடும்.

வேறொரு பிரிப்பு இருக்கிறது. வருடத்தில் 52 வாரம், வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்றால் 260 நாள். புதிய ஏற்பாட்டு அதிகாரங்களும் சரியாக 260. ஆகவே திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு புதிய ஏற்பாட்டு அதிகாரம். பழைய ஏற்பாட்டில் சங்கீதம் 150-ஐத் தனியே எடுத்துவிட்டால் மிச்சம் 779. நாளுக்கு மூன்று வைத்தால் 780, ஒன்று மட்டும் கூடுதல். சங்கீதங்களை வார இறுதிக்கு மூன்று வீதம் ஆலயத்திலேயே சேர்ந்து வாசித்துக்கொள்ளலாம். 119-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் தனியாக இரண்டு வார இறுதிகள் வேண்டும். 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி, வாரத்துக்கு 11 பகுதி. மற்ற 149-ம் 50 வாரத்தில் முடியும்.

வேலைநாளில் நாலு அதிகாரம் என்பது கொஞ்சம் கனம்தான், ஒளிப்பதற்கில்லை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது சனிக்கிழமை. சங்கீதம் ஞாயிறு ஆராதனைக்குள் போய்விடுவதால் வாரத்தில் விட்டதையெல்லாம் அன்றைக்கு எட்டிப்பிடிக்கலாம். அந்தச் சனியில் தியானக் கூட்டமோ வினாடி வினாவோ வைத்து நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தத் திட்டத்தில் ஆயருடைய முக்கிய வேலை.

இந்த வரிசையில் ஆதியாகமமும் யாத்திராகமமும் ஆறே வாரம். லேவியராகமம் ஏழாவது வாரத் திங்களில் தொடங்கி ஒன்பது வேலைநாளில் முடிகிறது. பக்கத்தில் மாற்கு ஓடிக்கொண்டிருக்கும். குஷ்டரோகம் சுத்திகரிக்கப்பட்டவனை ஆசாரியனிடம் அனுப்பி, மோசே கட்டளையிட்டதைச் செலுத்தச் சொல்லும் மாற்கு முதல் அதிகாரம் ஆறாவது வார வியாழனில் வரும். அந்தக் கட்டளை இருக்கும் லேவியராகமம் 14, அடுத்த வார வெள்ளியில். யாரும் விளக்கம் சொல்லாமலே வாசிக்கிறவர்களுக்கு அது பிடிபடும். லேவியராகமத்தில் சபை நழுவாமல் இருக்க நல்ல பிரசங்கத்தைவிட இந்த அடுக்கு அதிகம் உதவுகிறது.

எண்ணாகமம் 7-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத் தலைவர்களும் ஒரே காணிக்கையைத்தான் கொண்டுவருகிறார்கள்: 130 சேக்கல் வெள்ளித் தாலம், 70 சேக்கல் வெள்ளிக் கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி. வீட்டில் தனியாக வாசிப்பவர் மூன்றாவது தலைவரோடு பக்கத்தைப் புரட்டிவிடுவார். பகுதி ஜெபக்கூட்டத்தில் பன்னிரண்டு பேரை எழுப்பிப் பாருங்கள். 12-ஆம் வசனத்திலிருந்து 83 வரை ஆளுக்குச் சரியாக ஆறு வசனம். பெரியவர், சிறுவர், புதிதாய் வந்தவர் என்று ஒவ்வொரு குரலிலும் அதே வரி திரும்பத் திரும்ப வரும்போது, ஒருவருடைய காணிக்கையும் ‘அதேதான்’ என்று ஒரு வார்த்தையில் கழிக்கப்படவில்லை என்பது உறைக்கும். 1 நாளாகமம் முதல் ஒன்பது அதிகாரப் பெயர்ப்பட்டியலுக்கு இப்படி வழி எதுவும் கிடையாது. ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

ஒலி வேதாகமத்தைக் குறுக்குவழி என்று சில மூப்பர்கள் முகம் சுளிப்பார்கள். நெகேமியா 8-இல் எஸ்றா தண்ணீர்வாசலுக்கு முன் விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை வாசித்தார், ஜனங்கள் காதால்தான் கேட்டார்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் இறங்குவதற்குள் நாலு அதிகாரமும் கேட்டு முடிக்கலாம். ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கும் இது வேண்டும். சபைகளில் வாசிக்கப்படும் ‘பழைய திருப்புதல்’ என்ற மொழிபெயர்ப்பு 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ். ‘சர்வாங்க தகனபலி’யில் தடுக்கி, நாலு பேர் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை எழுந்திருக்காது. ஞாயிறு வாசிக்க வேண்டிய பகுதியை வியாழனே கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. சேர்ந்து சத்தமாய் வாசிக்கும்போது மட்டும் எல்லார் கையிலும் ஒரே மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் வசனத்திலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

வாட்ஸ்அப் குழு இரண்டாக இருக்கட்டும். ஒன்றில் அட்மின் மட்டும் பகுதியைப் போடுவார், அதுவும் முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள். விடியற்காலை நாலரைக்கு ஜெபிக்கிற அம்மாவுக்கும், ஓ.எம்.ஆரில் நைட் ஷிப்ட் பார்க்கிற தம்பிக்கும் அப்போதுதான் சரிவரும். பேச்சுக்குப் பகுதிவாரியாக எட்டு முதல் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள் போதும். வாசித்தவர்களின் பெயரைப் பட்டியலிட்டுப் போடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாசிக்காமலே டிக் போட வைக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டியில் ஊழியம் செய்த ராபர்ட் மர்ரே மெக்ஷேன் 1842-இல் தன் சபைக்கு நாளுக்கு நாலு அதிகாரம் என்ற புகழ்பெற்ற அட்டவணையைக் கொடுத்தபோதே, இது வெறும் சடங்காகலாம், சுயநீதிக்கு இடம் கொடுக்கலாம், சுமக்க முடியாத நுகமாகவும் ஆகலாம் என்று எச்சரித்துத்தான் கொடுத்தார்.

ஞாயிறு பிரசங்கமும் அந்த வார வாசிப்பிலிருந்தே வந்தால் நல்லது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஞாயிறுக்கென்று கருப்பொருளும் பாடங்களும் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால் அது நடக்காது. வாரநடு வேதபாடத்தை இதற்கு ஒதுக்கலாம். வாரமெல்லாம் வாசித்தும் அதைப்பற்றி எங்குமே பேச்சில்லை என்றால், கேள்விகளெல்லாம் யூடியூப்புக்குப் போய்விடும்.

காலண்டரில் இரண்டு இடம் இடிக்கும். மே மாதத்தில் பாதிச் சபை ஊருக்குப் போய்விடும், மீதிப்பேருக்கு வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலை. சனிக்கிழமைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். டிசம்பர் அப்படியல்ல. சிறிய தீர்க்கதரிசிகளும் வெளிப்படுத்தின விசேஷமும் அங்கேதான் விழுகின்றன, இரவு பன்னிரண்டு மணி வரை வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் நடக்கிற நாட்களும் அவைதான். மல்கியாவையும் வெளிப்படுத்தல் 22-ஐயும் 31-ஆம் தேதிக்குள் முடித்தே தீருவோம் என்று பிடிவாதம் பிடித்தால், வருடம் முழுக்க வந்தவர்கள் கடைசி இரண்டு வாரத்தில் கைவிடுவார்கள். முடிவு ஸ்தோத்திர ஆராதனையைப் பொங்கலை ஒட்டி வரும் ஞாயிறுக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்த வருடமும் இதே நாலு அதிகாரம் வேண்டாம். புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்த்தால் 410, வேலைநாளுக்கு ஒன்று, வார இறுதிக்கு மூன்று. முதல் வருடம் நடுவில் நின்றவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த அட்டைக்குத்தான். அவர்களிடம் போன வருடப் பாக்கியைக் கேட்காதீர்கள்.