ஜெர்மனி வரும் மாணவர்கள் கவனத்துக்கு: அறை பிடித்துத் தருகிறேன் என்று 1,60,000 ரூபாயைச் சுருட்டிய "அண்ணன்"

1,60,000 ரூபாய். ஒரு ஆளுக்கு. நாங்கள் நான்கு பெண்கள், ஆக மொத்தம் 6,40,000. பதிவு நீளம், பாதியில் போய்விடுவீர்கள் என்பதால் தொகையை முதலிலேயே போட்டுவிட்டேன். அடுத்த இன்டேக்கில் வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் பணம் அனுப்புங்கள். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் விரிவாக எழுதுகிறேன்.

ஆள் பெயரையும் குழுவின் பெயரையும் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கும்போது பெயர் போட்டால் நமக்கே வினையாகும் என்று சொல்லிவிட்டார்கள். எப்படிப்பட்ட ஆள் என்பதை மட்டும் சொல்கிறேன். புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு "எல்லா உதவியும்" செய்கிறோம் என்று ஓடும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் அட்மினுக்கு வேண்டப்பட்ட ஒரு சீனியர் அண்ணன். விமான நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்வது, அறை, அன்மெல்டுங் (முகவரிப் பதிவு), சிம் கார்டு எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ். எங்களுக்கு இது வாய்த்தது ஸ்டுட்கார்ட்டில்.

நாங்கள் நான்கு பேரும் விசாவுக்குக் காத்திருந்தபோது அந்தக் குழுவில்தான் பழக்கமானோம். ஸ்டுடியரண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு எல்லோரும் விண்ணப்பித்திருந்தோம், எல்லோருக்கும் காத்திருப்போர் பட்டியல். தனியார் அறைக்கு மெயில் போட்டால் பதிலே வராது, வந்தாலும் "நேரில் வந்து பாருங்கள்" என்பார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கேம்பஸ் இருக்கும் ஸ்டுட்கார்ட்டின் ஃபைஹிங்கன் பகுதியில் எப்படி நேரில் பார்ப்பது? அக்டோபர் 1 செமஸ்டர் ஆரம்பம், டிக்கெட் போட்டாகிவிட்டது, அறை மட்டும் இல்லை. அந்த நேரத்தில்தான் குழுவில் அண்ணன் எழுதினார்: "கேம்பஸ் பக்கத்திலேயே மூணு ரூம் பிளாட், பொண்ணுங்களுக்கு மட்டும்."

வீடியோ காலில் வந்தார். வெறும் போட்டோ அனுப்புகிற ஆளாக இருந்தால் அன்றே விட்டிருப்போம். இவர் வீடு முழுக்க நடந்து காட்டினார். ஹீட்டரைத் திருகிக் காட்டினார், அடுப்பைப் போட்டுக் காட்டினார். என் அம்மா பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "பொண்ணுங்க மட்டும்தானே தம்பி?" என்று கேட்டார். "அம்மா, இவங்க நாலு பேரும் என் தங்கச்சி மாதிரி. என் அம்மாவும் இப்படித்தான் பயந்தாங்க" என்றார். பிறகு கீழே இறங்கிப்போய் லெட்டர் பாக்ஸைக் காட்டினார். சாம்பல் நிறப் பெட்டி, ஒரு மூலை நசுங்கி, பூட்டுக்குக் கீழே துருக்கறை. அதில் எங்கள் நான்கு பேரின் பெயரும் அச்சடித்த சீட்டு, டேப் போட்டு ஒட்டியிருந்தது. "இங்க பெட்டியில பேர் இல்லைன்னா தபால்காரர் லெட்டர் போடமாட்டார், அதான் இப்பவே ஒட்டிட்டேன்" என்றார். என் பெயரை இன்ஷியலோடு ஜெர்மனியில் ஒரு பெட்டியின்மேல் பார்த்தபோது வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சீட்டுதான் எங்கள் 6,40,000.

கணக்கும் சுத்தமாக இருந்தது. ஆளுக்கு மாத வாடகை 450 யூரோ, எல்லாச் செலவும் சேர்த்து. முன்பணம் இரண்டு மாத வாடகை, 900. முதல் மாதம் 450. சர்வீஸ் 250. மொத்தம் 1,600 யூரோ. "சட்டப்படி மூணு மாசம் வரைக்கும் டெபாசிட் வாங்கலாம், நான் ரெண்டுதான் கேக்குறேன்" என்றார். தேடிப் பார்த்தேன், உண்மைதான். ஜெர்மன் சட்டத்தில் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதே சட்டம் அந்த முன்பணத்தை மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை வாடகைக்காலம் தொடங்கும்போதுதான் என்றும் சொல்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

பணத்தை யூரோவில் அனுப்ப வேண்டாம், வங்கி கமிஷன் அடித்துவிடும், மாமாவின் இந்தியக் கணக்கில் ரூபாயாகப் போட்டுவிடுங்கள், யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் என்றார். நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாரே என்று அப்பா அவருக்கு நன்றி வேறு சொன்னார். ஆளுக்கு 1,60,000. அன்று மாலையே கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் பிடிஎஃப்பாக வந்துவிட்டது, வீட்டுக்காரர் பெயர், ஃபைஹிங்கன் முகவரி எல்லாம் போட்டு.

சரி, வந்து இறங்கினோம். அண்ணன் வரவில்லை, வேறு ஒரு பையனை அனுப்பியிருந்தார். அவன் எங்களை ஃபைஹிங்கனில் இறக்கவில்லை. எஸ்1 என்ற புறநகர் ரயிலில் அதைத் தாண்டி, போப்ளிங்கன் பக்கம் ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். "பிளாட் ரெடியாகல, ரெண்டு நாள் இங்க." ஹாலில் தரையோடு தரையாக மெத்தைகள். உள்ளே ஏற்கெனவே பையன்கள் தங்கியிருந்தார்கள், பாவம், அவர்களும் "ரெண்டு நாள்" என்று வந்தவர்கள்தான். குளியலறை ஒன்று, தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒருத்தி உள்ளே போனால் மற்றொருத்தி வெளியே காவல். என் தங்கச்சி மாதிரி!

அதற்கப்புறம் அவர் சொன்ன சாக்குகளை வரிசையாக எழுதுகிறேன். எதுவுமே முழுப்பொய் கிடையாது. ஒவ்வொன்றிலும் நிஜமான ஜெர்மன் நடைமுறை ஒன்று இருக்கும், புதிதாக வந்தவர் கூகுளில் பார்த்தால் சரி என்றே வரும். அதுதான் இந்த ஆளின் சாமர்த்தியம்.

முதலில், பழைய வாடகைக்காரர் காலி செய்யவில்லை, "இங்க நோட்டீஸ் மூணு மாசம், நம்ம ஊர் மாதிரி தூக்கிப் போட முடியாது" என்றார். நோட்டீஸ் மூன்று மாதம்தான். ஆனால் காலியாகாத வீட்டுக்கு எங்களிடம் எப்படி ஒப்பந்தம் போட்டாய்? அடுத்து, வீட்டுக்காரர் விடுமுறையில் போயிருக்கிறார், இங்கே லீவில் இருப்பவரைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நான்கைந்து முறை கூப்பிட்டேன். "தங்கச்சி, ஜெர்மனியில சண்டே அமைதியா இருக்கணும், அது சட்டம்" என்று வாய்ஸ் நோட் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் கடைசி வரி ஒன்றேதான்: "இது ஜெர்மனி, பொறுமை வேணும்."

பொறுமையாக இருக்க எங்களுக்கு வழியில்லை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதுதான் அன்மெல்டுங். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். அது இல்லாததால் எல்லாம் நின்றுபோனது. என் பிளாக்டு அக்கவுன்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் கணக்கில், 11,904 யூரோ கிடக்கிறது, மாதம் 992 எடுக்கலாம். ஆனால் என் கணக்கைத் திறந்துவிட அந்த நிறுவனம் பதிவுச் சான்று கேட்டது. வங்கியிலிருந்து கார்டின் பின் எண் தபாலில் வர வேண்டும், பெட்டியில் பெயர் இல்லாததால் திரும்பிப் போய்விட்டது. அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு கையில் கொண்டுவந்த சில்லறை யூரோவை எண்ணி எண்ணி ரொட்டி வாங்கினோம்.

இரண்டாவது வாரத்தில் ஒப்பந்தத்தில் இருந்த முகவரிக்கு நாங்களே போனோம். வீடு நிஜமாகவே இருந்தது. அழைப்புமணிப் பலகையில் வேறு பெயர்கள். ஒரு பாட்டி கதவைத் திறந்தார். எங்கள் அரைகுறை ஜெர்மனில் தாளைக் காட்டியதும் நிதானமாகக் கண்ணாடி போட்டுப் படித்தார். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை, எந்த வீடும் வாடகைக்கு இல்லை என்றார். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "பொலிட்சாய்" (போலீஸ்) என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

திரும்பி வந்து போப்ளிங்கன் கட்டடத்தின் கீழே நின்றபோதுதான் எங்களில் ஒருத்தி பெட்டியைக் கவனித்தாள். சாம்பல் நிறம், நசுங்கின மூலை, பூட்டுக்குக் கீழே துருக்கறை. வீடியோவில் காட்டிய அதே பெட்டி! எங்கள் பெயர்ச் சீட்டு இல்லை. அந்த இடத்தில் டேப் பிய்த்த தடம், அதன் கீழே இன்னொரு தடம், அதற்கும் கீழே பாதி கிழிந்த ஒரு தமிழ்ப் பெயர். அடுக்கடுக்காக. அதற்குமேல் புத்தம் புதிதாக மூன்று பேர் பெயர். அவர்கள் இன்னும் ஊரில்தான் இருப்பார்கள், அவர்கள் வீட்டிலும் அம்மா எட்டிப்பார்த்திருப்பார். பெயர்களைப் படம் எடுத்துக்கொண்டு தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்பினோம். ஒருவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். மற்ற இருவர் கட்டவில்லை. இதில் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "தரேன், வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர் டைம் ஆகும்" என்றார். எதற்கு வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர்? நாங்கள் போட்டது இந்தியக் கணக்கில், ரூபாயில், அடுத்த நிமிடமே போய்ச் சேர்ந்தது. 1,60,000 போகும்போது ஒரு நிமிடம், வரும்போது மாதக்கணக்கா? அப்புறம்தான் உச்சக்கட்டம். "அன்மெல்டுங்தானே அவசரம்? ஆளுக்கு 300 யூரோ கொடுங்க, ஒரு அட்ரஸ் போட்டுத் தரேன், அங்க தங்க வேண்டாம்." குடியிருக்காத முகவரியில் பதிவது இங்கே சட்டவிரோதம். அப்படி முகவரி விற்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. நாங்களும் மாட்டுவோம், விசா நீட்டிப்பில் பிரச்சினை வரும். முடியாது என்றதும் பிளாக் செய்துவிட்டார்.

குழுவில் எழுதினோம். ஒரு மணி நேரம்கூட இல்லை, அட்மின் நீக்கிவிட்டார். "இது உதவிக் குழு, தனிப்பட்ட சண்டைக்கு இடமில்லை." எங்கள் நான்கு பேரையும் வெளியேற்றிவிட்டு, அதே நாள் அதே அண்ணனின் அடுத்த பேக்கேஜ் விளம்பரம். உள்ளே இருக்கும் ஒரு தோழி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள்.

இங்கே போலீஸ் நிலையத்தில் மரியாதையாகக் கேட்டார்கள், புகாரை வாங்கி எண் கொடுத்தார்கள். ஆனால் பணம் இந்தியாவில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போயிருக்கிறது, அங்கேயும் புகார் கொடுங்கள் என்றார்கள். அப்பா இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்தார். எப்போது அனுப்பினீர்கள் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. வாரக்கணக்காகிவிட்டது என்றதும் குரலிலேயே தெரிந்துவிட்டது. அப்பா வங்கிக் கிளைக்குப் போனார், நீங்களாகத்தானே அனுப்பினீர்கள், கைரேகையா திருடினார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில், ஆள் ஜெர்மனியில் இருக்கிறான், அங்கே பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால் இங்கே, இங்கே வந்தால் அங்கே. இதைத் தெரிந்துகொண்டுதான் ரூபாயில் வாங்கியிருக்கிறான். கமிஷன் மிச்சமாம்!

இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு அக்கா, இன்டர்ன்ஷிப்புக்கு வேறு ஊர் போகிறவர், தன் அறையை வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு எங்களில் இருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். அன்மெல்டுங் முடிந்தது. மற்ற இருவரும் இன்னும் பயணிகள் தங்கும் ஹாஸ்டலில். முதல் வார லேப் அறிமுக வகுப்பு எங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், காலையில் வகுப்பு இருக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஜெர்மன் வீட்டுக்கான பணத்தை இந்தியக் கணக்கில் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். வீடியோ காலில் தெருப்பலகை, வீட்டு எண், அழைப்புமணிப் பலகை மூன்றையும் அழைப்பைத் துண்டிக்காமல் ஒரே ஓட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். உள்ளறையும் பெட்டியும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். அன்மெல்டுங் சான்று தருவேன் என்று வீட்டுக்காரரே எழுதித் தரட்டும், நடுவில் இருப்பவர் வேண்டாம். சாவி கைக்கு வராமல் முன்பணம் கிடையாது. விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். முதல் சில வாரத்துக்கு ஹாஸ்டல் செலவைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள், விலை அதிகம்தான், 1,60,000 இல்லை. பணம் போய்விட்டால் 1930க்கு அன்றே சொல்லுங்கள். நீங்கள் இங்கே இருந்தால் வீட்டிலிருந்து யாராவது கூப்பிடட்டும்.

இதே பேக்கேஜுக்குப் பணம் கட்டியவர்கள் எனக்கு எழுதுங்கள், எங்கள் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். அட்மின் அவர்களே, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். நீக்கிய மெசேஜ்கள், அதற்குப் பிறகு நீங்கள் போட்ட விளம்பரம், இரண்டும் தேதியோடு போலீஸ் கோப்பில் இருக்கின்றன.