பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபித்தால்: சான் ஃபிரான்சிஸ்கோ, ஹூஸ்டன், டோக்கியோ

எந்த இடத்தில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் நில மண்டல விதிகளை எடுத்துவிட்டால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எடுத்தால் ஊரே குட்டிச்சுவராகும் என்கிறார்கள் மறு சாரார். விதிகள் அதிகமா குறைவா என்பதை விட்டுவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அடுக்குமாடி வரப்போகிறது, பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கு வெயில் மறையும்" என்கிறார். அவருக்குத் தீர்ப்பு சொல்வது யார்?

சான் ஃபிரான்சிஸ்கோவில் நகரசபை. மிஷன் தெருவில் லாண்ட்ரி வைத்திருந்த ஒருவர், அதே இடத்தில் 75 வீடுகள் கொண்ட எட்டு மாடிக் கட்டடத்துக்கு 2014-ல் முயற்சியைத் தொடங்கினார். மண்டல விதி அங்கே குடியிருப்புக்குத் தடை சொல்லவில்லை. ஆனாலும் அந்த லாண்ட்ரிக்கு வரலாற்றுச் சிறப்பு உண்டா என்று 137 பக்கத்தில் ஓர் ஆய்வு (நிஜமாகத்தான்!). அது முடிந்ததும், பக்கத்துப் பள்ளி மைதானத்தில் விழும் நிழலை இன்னும் ஆராயச் சொன்னார்கள். அனுமதி வந்தபோது 2018 முடியப் போகிறது. இது ஏதோ ஒருவருக்கு நேர்ந்தது என்று தள்ளிவிட முடியாது. 2023-ல் மாநில அரசு அலசிப் பார்த்தபோது, அந்த நகரில் திட்ட ஒப்புதலுக்குச் சராசரியாக 523 நாள், அதற்கு மேல் கட்டட பெர்மிட்டுக்கு 605 நாள் ஆவது தெரிந்தது. அத்தனை நாளும் நிலக் கடனுக்கு வட்டி ஓடும். வக்கீல் ஃபீஸ் தனி. அஸ்திவாரம் தோண்டும் முன்பே விலை ஏறிவிடுகிறது.

ஹூஸ்டன் மண்டலச் சட்டத்தை 1948, 1962, 1993 என மூன்று வாக்கெடுப்புகளில் நிராகரித்த ஊர். அதனால் கட்டுப்பாடே கிடையாது என்று நினைக்க வேண்டாம். பல பேட்டைகளில் மனைப் பத்திரத்திலேயே நிபந்தனை இருக்கும். மீறினால் நகராட்சியே வழக்குப் போடும். அங்கே நடந்த உருப்படியான காரியம் வேறு. 610 வட்டச்சாலைக்குள் குறைந்தபட்ச மனை அளவை 1998-ல் 5,000 சதுர அடியிலிருந்து 1,400-க்குக் குறைத்தார்கள். 2013-ல் மற்ற பகுதிகளுக்கும். 1,400 என்பது நம் அரை கிரவுண்டைவிடக் கொஞ்சம் கூட. ஒரு வீடு நின்ற இடத்தில் மூன்று வீடு, நிலத்தின் விலையும் மூன்றாகப் பிரியும். ஆனால் உயரக் கட்டடம் என்றால் கதை கோர்ட்டுக்குப் போகிறது. 2007-ல் அறிவித்த ஆஷ்பி கோபுரத்தை எதிர்த்துக் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். நீதிபதி 2014-ல் தடை தர மறுத்தாலும் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார். அதை 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஒன்பது வருஷம் போயிற்று.

டோக்கியோவில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், 13 வகை மண்டலங்கள். குடியிருப்புப் பகுதியில் 4 மீட்டர் தெரு என்றால் எல்லா மாடிகளும் சேர்த்து மனைப் பரப்பைப் போல அதிகபட்சம் 1.6 மடங்குதான் கட்டலாம். சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கே இந்த மடங்கு (எஃப்.எஸ்.ஐ.) 2, டோக்கியோவில் அதைவிடக் குறைவு! நிழலுக்கும் 1976 முதல் விதி உண்டு: வருஷத்தின் மிகக் குறுகிய பகலில், காலை 8 முதல் மாலை 4 வரை, அக்கம்பக்கத்து மனைகளில் எத்தனை மணி நேரம் நிழல் விழலாம் என்று. கணக்குக்குள் அடங்கினால் கட்டலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். வரைபடத்தைச் சரிபார்க்கும் வேலை 1998 திருத்தத்தால் தனியார் அமைப்புகளுக்கும் திறந்துவிடப்பட்டது. வீடே கட்டக் கூடாத மண்டலம் ஒன்றுதான், தொழிற்சாலைகளுக்கென்றே ஒதுக்கியது.

தனி வீட்டுக்கு ஹூஸ்டன் வழி, அடுக்குமாடிக்கு டோக்கியோ வழி என்பேன். ஆனால் டோக்கியோ மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் 23 வார்டுகளில் புது அடுக்குமாடி வீட்டின் சராசரி விலை 2023-ல் 10 கோடி யென்னைத் தாண்டியது. நிலமும் கூலியும் அங்கேயும் ஏறத்தான் செய்கின்றன. பெர்மிட்டுக்காகக் காத்திருந்த வட்டி மட்டும் அதில் பெரிதாகச் சேராது.